நிழலுக்கு பெயிண்ட் அடிச்சவங்க

போன மாசம் ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளையை தனியா நிக்க வச்சு ஒரு படம் எடுக்கலாம்னு ஒரு சாஃப்ட் பாக்ஸை ஆஃப் பண்ணிட்டு இன்னொண்ணை மட்டும் பக்கவாட்டுல தள்ளி கீழ இறக்கி வச்சேன். மூஞ்சி பாதி வெளிச்சம், பாதி இருட்டு, பின்னாடி செவுத்துல ஆளை விட பெருசா நிழல். எனக்கே புல்லரிச்சுது. அந்த நேரம் பாத்து மாப்பிள்ளையோட சித்தப்பா வந்து கேமரா ஸ்க்ரீனை எட்டிப் பாத்தார். "தம்பி, எங்க பையனுக்கு இன்னொரு கண்ணு எங்க போச்சு?"

ரெண்டு லைட்டையும் மறுபடி முன்னாடி கொண்டு வந்து வச்சு பளிச்சுனு எடுத்துக் குடுத்துட்டு வந்துட்டேன். காசு குடுக்கிறது அவங்க. ஆனா கல்யாண வீடியோ எடுக்கிறவன் பொழப்பே நிழலை விரட்டறதுதான், மூக்குக்கு கீழ விழாம, கழுத்துல விழாம, பேக்டிராப்புல விழாம, அதனாலயோ என்னவோ நிழலையே சாமியா கும்பிட்ட ஒரு கூட்டம் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு பொறாமை. 1920கள்ல ஜெர்மனில படம் எடுத்தவங்கதான் அவங்க. எக்ஸ்பிரஷனிசம்னு பேரு.

இந்த வார்த்தையை இப்ப எல்லாரும் சர்வசாதாரணமா போட்டுடறாங்க. கொஞ்சம் இருட்டா எடுத்தா எக்ஸ்பிரஷனிசம், கேமராவை சாய்ச்சு வச்சா எக்ஸ்பிரஷனிசம். நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். அதுக்கெல்லாம் தாய்ப் படம்னு சொல்ற டாக்டர் கலிகரி படத்தை ஒழுங்கா உக்காந்து பாக்கற வரைக்கும்.

பாத்தா, அந்தப் படத்துல கேமரா சாயவே இல்ல! ஏறக்குறைய ஒரே இடத்துல, நேரா, நாடகக் கொட்டகைல முதல் வரிசைல உக்காந்து பாக்கற மாதிரி நிக்குது. லைட்டும் பெரிய வித்தை எதுவும் காட்டல, முக்கால்வாசி எடத்துல எங்க மண்டபத்து லைட் மாதிரி சப்பையாத்தான் இருக்கு. அப்ப அந்தக் கூரான நிழல், தரைல ஓடற வெளிச்சக் கோடு எல்லாம்? பெயிண்ட். கித்தான் துணில பிரஷ்ஷால வரைஞ்சது. ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமான், வால்டர் ரோரிக்னு மூணு பேரு உக்காந்து நிழலையே வரைஞ்சு வச்சுட்டாங்க. வீடு கோணல், ஜன்னல் கோணல், புகைபோக்கி கோணல், தெருவிளக்கு கூட கோணல்.

அந்தக் காலத்துல பெர்லின்ல கரண்டுக்கு ரேஷன், அதனாலதான் வெளிச்சத்தை வரைஞ்சாங்கன்னு ஒரு கதை சுத்திட்டு இருக்கு. பவர் கட்டை பாத்து வளந்த நமக்கு இது உடனே நம்பத் தோணும். ஆனா கரண்டு இல்லன்னா ஜன்னலை ஏன் முக்கோணமா வரையணும்? முதல் உலகப்போருக்கு முன்னாடியே அங்க ஓவியத்துல, நாடகத்துல, கவிதைல எல்லாம் இந்த அலை ஓடிட்டுதான் இருந்துது. கண்ணுக்கு தெரியறதை அப்படியே வரையாத, உனக்குள்ள என்ன நடக்குதோ அந்த கண்ணால உலகத்தை வரைங்கறதுதான் அதோட சாரம். பயந்தவனுக்கு தெரு நேராவா தெரியும்?

படம் வெளிவந்தது 1920 பிப்ரவரி 26, பெர்லின்ல. டைரக்டர் ராபர்ட் வீனே, கதை ஹான்ஸ் யனோவிட்ஸும் கார்ல் மேயரும். செட்டெல்லாம் மிஞ்சிப் போனா 6 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம். நம்ம ஊர் சின்ன மண்டபத்து மேடை சைஸ். அதுக்குள்ள ஒரு ஊரு, ஒரு திருவிழா சந்தை, ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரி. சந்தைல ஒரு டாக்டர் கூடாரம் போட்டு, தூக்கத்துலயே நடக்கிற சீசர்ங்கறவனை பெட்டிக்குள்ள வச்சு வேடிக்கை காட்டறார். ராத்திரி ஆனா ஊர்ல கொலை விழுது. கதை அவ்வளவுதான்.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் கொலை எதுவும் இல்ல. கலிகரி சந்தைல கடை போட பர்மிஷன் வாங்க ஆபீஸுக்கு போவார். அங்க கிளார்க் உக்காந்திருக்கிற ஸ்டூலை பாக்கணும், ஆள் உயரத்துக்கு இருக்கும். மேல கொக்கு மாதிரி உக்காந்துட்டு, கீழ நிக்கிறவரை கண்டுக்கவே மாட்டான், இருய்யா இருய்யான்னு காக்க வைப்பான். தாலுக்கா ஆபீஸ்ல ஒரு சர்டிபிகேட்டுக்கு நின்னவன் எவனுக்கும் இது கோணலாவே தெரியாது. அங்க நிக்கிறப்ப நமக்கு அந்த ஸ்டூல் அவ்வளவு உயரமாத்தான் தெரியும். எக்ஸ்பிரஷனிசம்னா என்னன்னு யாராவது கேட்டா நான் இந்த ஸ்டூலைத்தான் காட்டுவேன். அன்னைக்கு ராத்திரியே அந்த கிளார்க் காலி. (கை தட்டினேன்னு சொல்லமாட்டேன்.)

நடிப்பும் அப்படித்தான். சீசரா வர்ற கான்ராட் வைட், ஒல்லியா கருப்பு உடையில, செவுத்தை ஒட்டி ஒரு கையை மேல நீட்டிக்கிட்டு ஊர்ந்து போவார் பாருங்க, ஆள் நடந்து போறான்னே தோணாது, செவுத்துல வரைஞ்ச ஒரு கோடு பிச்சுக்கிட்டு கிளம்பின மாதிரி இருக்கும். கலிகரியா வர்ற வெர்னர் க்ராஸோட வெள்ளை கையுறைல மூணு கருப்பு கோடு, தலைமுடிலயும் அதே மாதிரி கோடு. செட்டுக்கு அடிச்ச பெயிண்டையே மனுஷனுக்கும் அடிச்சிருக்காங்க. இவங்க ரெண்டு பேரும்தான் அந்த ஊருக்கு பொறந்தவங்க மாதிரி இருக்காங்க, ஹீரோவும் ஹீரோயினும் பக்கத்து ஊர்ல இருந்து பஸ் மாறி வந்துட்டவங்க மாதிரிதான் எனக்கு பட்டுது.

ஒரு முக்கியமான இடத்துல நிஜ நிழல் வருது. ஹீரோவோட ஃப்ரெண்டை கொல்ற சீன். கட்டில்ல படுத்திருக்கான், செவுத்துல ரெண்டு நிழல் மல்லுக்கட்டுது, கத்தி ஓங்கற நிழல், அவ்வளவுதான், கொலையை காட்டவே இல்ல. இதுக்கப்புறம் நூறு வருஷமா உலகம் பூரா எத்தனை கத்தி நிழல் செவுத்துல ஓங்கியிருக்கும்!

இந்தக் கதையை நமக்கு சொல்றதே ஹீரோதான், கடைசில அவனே ஆஸ்பத்திரில இருக்கிற நோயாளின்னு திருப்பிடுவாங்க. அதனாலதான் ஊரு கோணலா இருந்துது, பைத்தியக்காரன் பார்வை அதுன்னு நிறைய பேர் விளக்கம் சொல்வாங்க. எனக்கு அது ஒத்து வரல. ஏன்னா அவன் கதையை முடிச்சு நிஜத்துக்கு வந்தப்புறமும் அந்த ஆஸ்பத்திரி முற்றத்துல அதே கோடு அதே மாதிரி தரைல விரிஞ்சு கிடக்கு. அப்ப பைத்தியம் யாருக்கு? இந்த முடிவை எங்க மேல திணிச்சுட்டாங்கன்னு யனோவிட்ஸ் பின்னாடி புலம்பினார், ஆனா ரொம்ப வருஷம் கழிச்சு கிடைச்ச திரைக்கதை பிரதில வேற மாதிரி ஒரு முன்கதை ஏற்கனவே இருந்துருக்கு. சினிமாக்காரங்க பழைய கதை சொன்னா எல்லா ஊர்லயும் ஒரு பங்கு உப்பு அதிகமாத்தான் இருக்கும் போல.

சரி, கலிகரி மாதிரி முழுக்க பெயிண்ட் அடிச்ச படம் அதுக்கப்புறம் எத்தனை வந்துதுன்னு பாத்தா விரல் விட்டு எண்ணிடலாம். அது ஒரு முட்டுச்சந்து. அதே மாதிரி இன்னொண்ணு எடுத்தா ஸ்கூல் ஆண்டுவிழா மாதிரி ஆயிடும். ஆனா அந்த கோணல் சாகல, இடம் மாறுச்சு. செவுரு நிமிந்துக்கிச்சு, கோணல் லைட்டுக்குள்ள போச்சு, அப்புறம் கேமராவுக்குள்ள. நாம இன்னைக்கு எக்ஸ்பிரஷனிசம்னு சொல்லிக்கிட்டு இருக்கறது பாதிக்கு மேல இந்த இடம் மாறினதைத்தான்.

லைட்டுக்கு போனதுக்கு சாட்சி, 1922ல முர்னாவ்னு ஒரு ஜெர்மன் டைரக்டர் எடுத்த நோஸ்ஃபெராட்டு. இவர் பெயிண்ட் அடிச்ச செட் வேணாம்னு விஸ்மார், லூபெக் மாதிரி நிஜ ஊருக்கும், ஸ்லோவாக்கியால நிஜ கோட்டைக்கும் கேமராவை தூக்கிட்டு போயிட்டார். கடைசில அந்த ரத்தக்காட்டேரி படி ஏறி வர்றது, ஆளே இல்லாம நிழல் மட்டும், நகம் நீண்டுக்கிட்டே போற கை. கதவு திறக்குது. அந்தக் கை நிழல் ஹீரோயின் நெஞ்சு மேல ஏறி அப்படியே பொத்துனு மூடும், அவ துடிப்பா. தொடவே இல்ல, நிழல்தான் பிடிச்சுது. இதை பாத்த அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டு மாடிப்படி லைட்டை ஆஃப் பண்ணாம படுத்தேன், வீட்ல திட்டு.

இந்தப் படத்துல நான் ஒரு அசட்டுத்தனம் பண்ணேன், சொல்லிடறேன். முதல்ல ஃபோன்ல ஏதோ ஒரு கருப்பு வெள்ளை பிரிண்ட்ல பாத்தேன். காட்டேரி சவப்பெட்டியை கைல இடுக்கிக்கிட்டு பட்டப்பகல்ல ஊருக்குள்ள நடந்து போறான். ஆனா கிளைமாக்ஸ்ல வெயில் பட்டுதான் சாகறான். என்னடா இது, கன்டினியூட்டி பாக்க ஆளே இல்லையான்னு நக்கல் அடிச்சேன், கூட இருந்த எடிட்டர் பையனும் சிரிச்சான். பின்னாடிதான் தெரிஞ்சுது, அப்ப இருந்த ஃபிலிம்ல ராத்திரில தெருவை எடுக்கவே முடியாது, பகல்ல எடுத்துட்டு பிரிண்டை நீலச் சாயத்துல முக்கிடுவாங்க. நீலம்னா ராத்திரின்னு தியேட்டர்ல இருக்கிறவனுக்கு தெரியும். நான் பாத்தது சாயம் போன பிரிண்ட். சரி பண்ணின பிரதில பாத்தப்ப அதே தெரு, அதே பெட்டி, நடுராத்திரி. நாமளும் இன்னைக்கு ஒயிட் பேலன்ஸை இறக்கி நீலமாக்கி ராத்திரின்னு ஏமாத்தறோமே, அதே வேலைதான்.

இன்னொரு தகவல், வெயில் பட்டா காட்டேரி செத்துடும்ங்கறதே இந்தப் படம் கொண்டு வந்ததுதான், டிராகுலா நாவல்ல அவன் பகல்லயும் நடமாடுவான். அந்த நாவலை உரிமை வாங்காம சுட்டுட்டாங்கன்னு எழுத்தாளரோட மனைவி கேஸ் போட்டு, 1925ல எல்லா பிரிண்டையும் அழிக்கணும்னு கோர்ட் தீர்ப்பு ஆச்சு. எப்படியோ சில பிரிண்ட் தப்பிச்சுது. காட்டேரிக்கு ஏத்த கதைதான்.

கேமராவுக்குள்ள கோணல் போனது 1924ல. மறுபடி முர்னாவ், எழுத்து மறுபடி கார்ல் மேயர், கேமரா கார்ல் ஃப்ராய்ண்ட். படம் டெர் லெட்ஸ்டே மன், கடைசி ஆள்னு வச்சுக்கலாம். பெரிய ஹோட்டல் வாசல்ல பட்டன் வச்ச யூனிஃபார்ம்ல கம்பீரமா நிக்கிற ஒரு வாட்ச்மேன், வயசாயிடுச்சுன்னு அவரை பாத்ரூம் வேலைக்கு மாத்திடறாங்க. யூனிஃபார்ம் போச்சு, தெருவே சிரிக்குது. மௌனப் படம், ஆனா நடுநடுவுல வர்ற வசன அட்டை முழு படத்துக்கும் ஒண்ணே ஒண்ணு. எல்லாத்தையும் கேமராவே சொல்லுது. ஆரம்பத்துல லிஃப்ட்ல இறங்கி, ஹோட்டல் ஹால் முழுக்க கடந்து, சுத்தற கதவு வரைக்கும் கேமரா போகுமே, சைக்கிள்ல வச்சு எடுத்தது. அந்த வாட்ச்மேன் குடிச்சிருக்கிற சீனுக்கு ஃப்ராய்ண்ட் கேமராவை நெஞ்சுல கட்டிக்கிட்டு அவரே தள்ளாடியிருக்கார். கேமரா ஆடாம பிடிக்கிற கிம்பல் வாங்க ஈஎம்ஐ கட்டிக்கிட்டு இருக்கிற என்னை மாதிரி ஆளுக்கு இதை படிச்சா கண்ணு கலங்கும். ஒரு இடத்துல அந்த ஹோட்டல் பில்டிங்கே அவர் மேல சாயற மாதிரி வரும். கலிகரில கட்டடத்தையே கோணலா வரைஞ்சாங்க. இதுல நேரான கட்டடம் ஒரு கிழவன் மனசுல இடியுது. ரெண்டும் ஒரே விஷயம்தான்.

அந்த சமயம் அதே ஸ்டுடியோவுல வேற ஒரு படத்துக்கு ஆர்ட் வேலை பாக்க இங்கிலாந்துல இருந்து ஒரு இளவட்டம் வந்திருந்தான், முர்னாவ் வேலை செய்றதை வாய் பிளந்து பாத்துட்டு ஊருக்கு போனான். பேரு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். 1927ல அவர் எடுத்த தி லாட்ஜர்ல மாடில ஒருத்தன் முன்னும் பின்னும் நடக்கிறான், கீழ இருக்கிறவங்களுக்கு காலடி சத்தம் கேக்கணும், ஆனா படமோ மௌனப் படம். கண்ணாடித் தரை போட்டு கீழ இருந்து நடக்கிற காலை காட்டிட்டார். எங்க கத்துக்கிட்டார்னு தனியா சொல்லணுமா.

இதே கூட்டத்து இன்னொரு டைரக்டர் ஃப்ரிட்ஸ் லாங் பத்தி எழுதினா அதுவே தனி பதிவு ஆயிடும், அவரோட மெட்ரோபொலிஸ் படத்தை இங்க தொடப் போறதில்ல. 1931ல வந்த எம் படத்துல ஒரே ஒரு ஷாட் மட்டும். கொலைகாரனை பிடிச்சு குடுத்தா பரிசுன்னு போஸ்டர் ஒட்டியிருக்கு, ஒரு சின்னப் பொண்ணு அந்த போஸ்டர் மேலயே பந்தை அடிச்சு விளையாடுது, அது மேல தொப்பி போட்ட ஒரு நிழல் வந்து நிக்குது, "உன் பந்து அழகா இருக்கே"ங்கற மாதிரி ஒரு குரல். வில்லனை அறிமுகப்படுத்த ஸ்லோ மோஷன் வேணாம், பிஜிஎம் வேணாம். அவன் குற்றம் எழுதியிருக்கிற காகிதத்து மேலயே அவன் நிழல்.

1933ல ஹிட்லர் வந்தப்புறம் இந்த கூட்டம் சிதறுச்சு. கலிகரில நடிச்ச ரெண்டு பேரோட கதையை மட்டும் பாருங்க. கான்ராட் வைட் மனைவி யூதர், அவர் நாட்டை விட்டு போயிட்டார், கடைசில ஹாலிவுட்ல 1942ல காஸாபிளாங்கால நாஜி மேஜரா நடிச்சார், நாஜிக்கு பயந்து ஓடினவருக்கு நாஜி வேஷம். வெர்னர் க்ராஸ் அங்கேயே இருந்தார், 1940ல யூதர்களை கேவலப்படுத்த எடுத்த பிரச்சாரப் படத்துல ஒண்ணுக்கு மேல வேஷம் கட்டினார். தூக்கத்துல நடந்தவன் தப்பிச்சுட்டான், டாக்டர் மாட்டிக்கிட்டார்.

ஓடிப் போனவங்க பெட்டில நிழலையும் எடுத்துட்டு போனாங்க. லாங், பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக்னு 1940கள்ல அமெரிக்காவுல எடுத்த க்ரைம் படங்களுக்குத்தான் ஃபிரெஞ்சுக்காரங்க பின்னாடி நோயர்னு பேர் வச்சாங்க. அதுல பாருங்க, யாரும் நிழலை வரையல, ஜன்னல்ல மடிப்பு மடிப்பா தொங்கற பிளைண்ட்ஸ் இருக்கும், வெளில ஒரு லைட், அவ்வளவுதான், ஹீரோ மேல ஜெயில் கம்பி மாதிரி கோடு விழும். கலிகரில பிரஷ்ஷால போட்ட கோடுதான், இப்ப லாஜிக்கோட விழுது. சிக்கனமும் கூட, செட்ல காசு போடலன்னா இருட்டாக்கிடு, யாருக்கு தெரியப் போகுது.

கேமராவை சாய்ச்சு வைக்கிற டச் ஆங்கிள் கூட டாய்ட்ஷ், அதாவது ஜெர்மன்ங்கற வார்த்தைல இருந்து வந்ததுன்னுதான் பொதுவா சொல்றாங்க. 1949ல கரோல் ரீட் தி தேர்ட் மேன் படத்தை பாதிக்கு பாதி சாய்ச்சே எடுத்தார். அதைப் பாத்துட்டு அவர் ஃப்ரெண்டு, டைரக்டர் வில்லியம் வைலர், கொத்தனார் வச்சிருப்பாரே ரசமட்டம், அதுல ஒண்ணை அனுப்பி வச்சு அடுத்த படத்துக்கு இதை கேமரா மேல வச்சுக்கோன்னு சொல்லிட்டார்.

நம்ம நாட்டுக்கும் ஒரு ஒயர் வந்து சேந்துருக்கு. மியூனிக்ல இருந்து ஜோசஃப் விர்ஷிங்னு ஒரு கேமராமேன், 1925லயே ஒரு படத்துக்காக இந்தியா வந்தவர், பின்னாடி பாம்பே டாக்கீஸ் ஸ்டுடியோவுல சேந்து, உலகப்போர் நேரத்துல ஜெர்மன்காரன்னு முகாம்ல அடைபட்டு, அப்புறமும் இங்கேயே தங்கிட்டார். 1949ல வந்த மஹல்ங்கற இந்திப் படம் அவர் ஒளிப்பதிவுதான். ஊஞ்சல், பாழடைஞ்ச மாளிகை, பாதி தெரியற மதுபாலா முகம், ஜெர்மன் இருட்டு நம்மூர் பேய்க்கதைக்கு எவ்வளவு கச்சிதமா பொருந்துதுன்னு பாக்கலாம். தமிழ்ல எஸ்.பாலசந்தரோட அந்த நாள், 1954, நேரா பெர்லின்ல இருந்து வந்த சொந்தம்னு சொல்லமாட்டேன், ஹாலிவுட் வழியா சுத்தி வந்த ஒண்ணுவிட்ட சொந்தம். பாட்டு கிடையாது, படம் ஆரம்பிச்ச கையோட சிவாஜியை சுட்டுடுவாங்க, மூஞ்சிக்கு மேல நிழல் விட அந்தக் காலத்துலயே தைரியம் இருந்துருக்கு. சிவாஜி மூஞ்சியவே பாதி இருட்டுல வச்சிருக்காங்க, நான் ஒரு மாப்பிள்ளையை வச்சதுக்கு பஞ்சாயத்து.

இப்ப திரும்ப கார்ல் ஃப்ராய்ண்டுக்கு வரேன், ஏன்னா இந்த மொத்த கூட்டத்துல எனக்கு நெருக்கமானவர் அவர்தான். கேமராவை நெஞ்சுல கட்டின அதே ஆள். அமெரிக்கா போய் 1931ல டிராகுலா படத்துக்கு ஒளிப்பதிவு பண்ணார், அடுத்த வருஷம் தி மம்மி டைரக்ட் பண்ணார், ஆஸ்கர் வாங்கினார். 1951ல டிவில ஐ லவ் லூசின்னு ஒரு காமெடி தொடருக்கு கூப்பிட்டாங்க. முன்னாடி ஜனங்க உக்காந்து நேர்ல பாக்கறாங்க, மூணு கேமரா ஒரே நேரத்துல ஓடணும், நடுவுல நிறுத்தி லைட்டை மாத்த முடியாது. என்ன பண்ணார் தெரியுமா, லைட்டெல்லாம் மேல தூக்கி கட்டி, எந்த மூலைக்கு ஓடினாலும், எந்த கேமரால பாத்தாலும் ஒரே மாதிரி வெளிச்சம் விழற மாதிரி பண்ணிட்டார். நிழலே இல்லாத வெளிச்சம். அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் டிவி காமெடி எல்லாம் அந்த வழிலதான் ஓடுச்சு.

இதை முதல்ல படிச்சப்ப மனுஷன் தோத்துட்டாரேன்னு வருத்தமா இருந்துது. அப்புறம் ஒரு நாள் முகூர்த்தத்துல, தாலி கட்டற நேரம், நாதஸ்வரம் உச்சத்துல, மணமேடையை சுத்தி நாப்பது பேர் அட்சதையோட எக்கி நிக்கிறாங்க, நாங்க மூணு கேமரா, எவன் எந்தப் பக்கம் நகருவான்னு யாருக்கும் தெரியாது, ரீடேக் கிடையாது, மேல கட்டியிருந்த லைட்டை நிமிந்து பாத்தேன். அட, இது அவர் போட்ட பிளான்.

வர்ற வெள்ளிக்கிழமை விடிகாலை நாலரைக்கு அடுத்த முகூர்த்தம். மேல கட்டற லைட் நாலு, சாஃப்ட் பாக்ஸ் ரெண்டு, எல்லாம் வண்டில ஏத்தியாச்சு. கூடவே தெர்மோகோல் அட்டைல கருப்பு சார்ட் ஒட்டி, லைட்டை மறைச்சு நிழல் விழ வைக்க ஒரு கட்டர் செஞ்சு பைக்குள்ள சொருகி வச்சிருக்கேன். சித்தப்பாமார் எல்லாரும் பந்திக்கு போன நேரமா பாத்து எடுக்கணும்.